மாமாவின் பென்னி: ஒரு நாணயப் பெட்டியைத் தூய்மை செய்த பதிவு

என் தாய்மாமா 26 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை செய்தவர். துறைமுகத்தை விட்டுக் கப்பல் புறப்படும்போது சட்டைப்பையில் மிஞ்சிக் கிடக்கும் சில்லறையிலிருந்து ஒரு காசை எடுத்துத் தனியே வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். அப்படிச் சேர்ந்தவை 143 நாணயங்கள். அவற்றுள் அரிய நாணயம் என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. எல்லாமே பலர் கைமாறித் தேய்ந்த புழக்கக் காசுகள்தாம். ஆனாலும் எங்கள் வீட்டில் எந்த நகைப் பெட்டிக்கும் கிடைக்காத மரியாதை அந்தத் தகரப் பெட்டிக்குக் கிடைத்து வந்திருக்கிறது.

கடந்த சில ஆண்டுகளில் மாமாவின் பார்வை மிகவும் மங்கிவிட்டது. ஒரு நாள் மாலை அந்தப் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். ஒரு காசை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் வைத்தார். பிறகு, "எல்லாம் ஒரே பிசுபிசுப்பா இருக்குடா. எது எதுன்னு விரலுக்குத் தெரியல" என்றார். கண்ணால் பார்க்க முடியாத ஒருவருக்குத் தன் காசுகளை விரலாலும் அறிய முடியவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அந்தப் பிசுபிசுப்பை நீக்குவதற்காகத் தொடங்கிய வேலை மூன்று மாதத்துக்கு மேல் நீண்டது. இதே நிலையில் ஒரு பெட்டியை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், செய்தவற்றையும் செய்யாமல் இருந்திருக்க வேண்டியவற்றையும் சேர்த்தே இங்கே பதிகிறேன்.

அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் நான்தான். 1991இல், கல்லூரி மாணவனாக இருந்தபோது, தகரப் பெட்டிக்குள் காசுகள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றனவே என்று வருந்தி, சிறு சிறு பைகள் வைத்த மென்மையான பிளாஸ்டிக் தாள்களை வாங்கி, ஒவ்வொரு காசையும் ஒவ்வொரு பையில் இட்டேன். துறைமுகத்தின் பெயரையும் தேதியையும் மாமா பால்பாயிண்ட் பேனாவால் எழுதி வைத்திருந்த சிறு துண்டுச் சீட்டுகளையும் அந்தந்தக் காசோடு சேர்த்துச் செருகினேன். அக்கறையோடு செய்த வேலை அது. ஆனால், மென்மையாக வளையும் அந்த வகைத் தாள் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக்கால் ஆனது என்பதும், அதை வளையச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் நெகிழ்வூட்டிகள் காலப்போக்கில் கசிந்து வெளிவரும் என்பதும், பிவிசி சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் வெளிப்பட்டுச் செம்பு கலந்த உலோகங்களைத் தாக்கும் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காசுகள் அந்தக் கசிவில் ஊறிக் கிடந்திருக்கின்றன.

தாள் பிவிசிதானா என்பதை உறுதி செய்துகொள்ள, பெய்ல்ஸ்டீன் சோதனை என்று வேதியியலில் அழைக்கப்படும் எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். செம்புக் கம்பியின் நுனியைத் தீச்சுடரில் காட்டி, சுடரின் நிறம் மாறாத அளவுக்குச் சுட்டு, சூட்டோடு பிளாஸ்டிக்கின் ஓரத்தில் ஒற்றி, மீண்டும் சுடரில் காட்ட வேண்டும். சுடர் பளிச்சென்று பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் போன்ற தனிமம் இருக்கிறது என்று பொருள். என் தாளின் துணுக்கு அப்படியே எரிந்தது. இந்தப் புகை நல்லதன்று. திறந்த வெளியில், கடுகளவு துணுக்கை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். பிறகு பயன்படுத்தவிருக்கும் அசிட்டோன் மிக எளிதில் தீப்பற்றக்கூடியது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து தொலைவில் இருக்கும் சுடரைக்கூட எட்டிவிடும். ஆகவே சுடரோடு செய்யும் சோதனையை ஒரு நாளிலும் அசிட்டோன் வேலையை வேறொரு நாளிலும் வைத்துக்கொண்டேன்.

எதையும் நனைப்பதற்கு முன்னால் காசுகளை உலோகவாரியாகப் பிரிக்க வேண்டும். ஓர் உலோகத்துக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகிவிடும். காந்தம் ஒன்று, பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று, வெர்னியர் அளவுகோல், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு ஆகியவை போதுமானவையாக இருந்தன. தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் பெட்டியிலேயே ஓர் எடைக்கல் இருந்தது. ஜப்பானின் 1 யென் காசு 1955 முதல் அலுமினியத்தில் சரியாக 1 கிராம் எடையில் அச்சிடப்பட்டு வருகிறது. அதை வைத்தபோது 0.99 காட்டியது, தேய்மானத்தைக் கருதினால் அது போதும். காந்தம் எதிர்பாராத உதவி செய்தது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வெள்ளைக் காசுகளில், ஏறக்குறைய முழுவதும் நிக்கலால் ஆன பழைய கனடா 5 சென்ட் காந்தத்தில் ஒட்டுகிறது. நான்கில் மூன்று பங்கு செம்பும் ஒரு பங்கு நிக்கலும் கலந்த அமெரிக்க 5 சென்ட் ஒட்டுவதில்லை. செம்பு நிறமில்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்த ஓர் அமெரிக்க 1 சென்ட் காந்தத்தில் தாவி ஒட்டியது. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்துவதற்காக 1943இல் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்த காசு அது. எஃகுக் காசை நீரில் ஊறவைத்தால் துருப்பிடித்துவிடும் என்பதால் அதைத் தனியே ஒதுக்கினேன்.

செம்பும் வெண்கலமும் தனிக்கூட்டம். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருந்தது. செம்பில் களிம்பு அதனோடு கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்திகள் உயிருக்கும் ஆணவத்துக்கும் உவமை சொல்வார்கள். ஆனால் எல்லாப் பச்சையும் களிம்பாகிவிடாது. என் காசுகளில் மூன்று வகைப் பச்சை இருந்தது. முதலாவது, பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் பச்சை. அது பிளாஸ்டிக்கின் கசிவு. இரண்டாவது, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ கெட்டியாக உலோகத்தோடு ஒன்றிப்போயிருக்கும் களிம்பு. அது உள்ளிருக்கும் உலோகத்துக்குப் போர்வைபோல நின்று காக்கிறது, அதைத் தொடக் கூடாது. மூன்றாவது, வெளிர்பச்சையாக மாவுபோல உதிர்வது. ஆங்கிலத்தில் இதை வெண்கல நோய் என்கிறார்கள், ஆனால் இதில் கிருமி எதுவும் இல்லை. செம்போடு சேர்ந்த குளோரைடு, ஈரத்தையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் பெற்று, பச்சைத் தூளாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் மாறுகிறது; அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்று மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. ஈரம் இருக்கும்வரை இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. இந்த மூன்றாம் பச்சை ஒரே ஒரு காசில் மட்டும் இருந்தது. அது மாமா வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பணி ஓய்வு பெறும் வரை பெட்டியில் வைக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்த பிரிட்டிஷ் பென்னி.

அதற்கு வருவதற்கு முன்னால், பிசுபிசுப்பை நீக்கிய முறையைச் சொல்லிவிடுகிறேன். இதற்குத் தேவை கலப்பில்லாத அசிட்டோன். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் வாசனைப் பொருளும் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் அது உதவாது. பாத்திரம் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். சில வகைப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் அசிட்டோனில் கரைந்து காசின்மேலேயே படிந்துவிடும். ஒரு கிண்ணத்தில் காசை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூங்கில் இடுக்கியால் எடுத்து, இரண்டாவது கிண்ணத்தில் உள்ள புதிய அசிட்டோனில் அலசி, மென்மையான பருத்தித் துணிமேல் வைத்து ஒற்றியெடுத்தேன். தேய்க்கவே கூடாது. காசின் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணிய மணல் துகள் துணியோடு சேர்ந்து உலோகத்தைக் கீறிவிடும். அசிட்டோன் உலோகத்தோடு வினைபுரிவதில்லை. காலம் ஏற்றிய நிறத்தையும் அது எடுப்பதில்லை. பிளாஸ்டிக்கின் பிசினையும் கைபட்ட எண்ணெயையும் மட்டும் கரைத்துக்கொண்டு போகிறது. அதுதான் இந்த வேலைக்கு வேண்டியது. 61 காசுகளுக்கு இந்தக் குளியல் தேவைப்பட்டது. நாளுக்கு ஐந்தாறு என்று இரண்டு வாரத்தில் முடித்தேன்.

இந்த இரண்டு வாரத்தில்தான் ஈடு செய்ய முடியாத இழப்பு ஒன்றும் நேர்ந்தது. பெட்டியிலேயே பெரிய காசு மரியா தெரசா தாலர். ஏடன் துறைமுகத்தில் மாமாவுக்குக் கிடைத்தது. ஆஸ்திரியாவின் அரசி மரியா தெரசா 1780இல் இறந்தார். செங்கடல் கரையோர வணிகர்கள் அந்த உருவம் பொறித்த வெள்ளியையே நம்பி வாங்கியதால், அதன் பிறகு எந்த ஆண்டில் அடித்தாலும், வியன்னாவில் அடித்தாலும் லண்டனிலோ ரோமிலோ அடித்தாலும், காசின்மேல் 1780 என்றே பொறித்தார்கள். 28 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள அந்தக் காசின் பின்புறத்தில் மாமாவின் துண்டுச் சீட்டு பிளாஸ்டிக் கசிவினால் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தால் கிழியும் என்று எண்ணி, அசிட்டோனில் இட்டால் தானாகப் பிரிந்துவிடும் என்று இரண்டையும் சேர்த்தே கிண்ணத்தில் இறக்கினேன். காகிதம் பிரிந்ததென்னவோ உண்மை. ஆனால் அதற்கு முன்பே எழுத்துகளின் ஓரத்திலிருந்து நீல நிறம் புகைபோலக் கிளம்பியது. பால்பாயிண்ட் மை அசிட்டோனில் கரையும். இடுக்கியை எடுத்து நான் சீட்டைத் தூக்குவதற்குள் வெளிர்நீலக் கறை படிந்த வெற்றுத்தாள்தான் எஞ்சியது. நாணயம் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்க்கவே மனம் வரவில்லை.

அந்தத் தாலருக்கு இணையான ஆயிரக்கணக்கான தாலர்கள் உலகில் உண்டு. சீட்டில் இருந்த கையெழுத்து ஒன்றே ஒன்றுதான். நான் தவறாமல் காப்பாற்ற வேண்டியது எது என்பதை வேலை தொடங்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். மாமாவிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டில் என்ன எழுதியிருந்தார் என்பதை நினைவிலிருந்தே சொன்னார்: கப்பல் ஏடனில் எண்ணெய் நிரப்ப நின்ற நாள், படகில் வந்த வணிகர், சட்டைக்கு மாற்றாகக் கொடுத்த காசு. அதை எழுதி தாலரோடு வைத்திருக்கிறேன். ஆனால் அது என் கையெழுத்து.

அன்றே மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, ஒரு துளி திரவம்கூடப் படுவதற்கு முன்னால், மீதமிருந்த எல்லாச் சீட்டுகளையும் இருபுறமும் படம் பிடித்தேன். காசில் ஒட்டியிருந்தவற்றை மழுங்கிய மூங்கில் பட்டையை மெல்ல நுழைத்து, ஒரு சீட்டுக்கு இருபது நிமிடம் வரை எடுத்துக்கொண்டு, உலர்ந்த நிலையிலேயே பிரித்தேன். இரண்டு சீட்டுகளின் மூலை மட்டும் கிழிந்தது. பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பாலியெஸ்டர் உறைகளில் இட்டேன். இந்த உறை முறுகலாக இருக்கும்; நெகிழ்வூட்டி சேர்க்கப்படாதது; காகிதத்துக்கும் உலோகத்துக்கும் கேடு செய்யாதது.

இப்போது பென்னிக்கு வருகிறேன். 1938ஆம் ஆண்டின் வெண்கலப் பென்னி. ஏறக்குறைய 31 மில்லிமீட்டர் குறுக்களவு. புதிதாக இருந்தபோது 9.4 கிராம், என் தராசில் 8.97. ஒரு புறம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபுறம் கேடயமும் திரிசூலமும் ஏந்தி அமர்ந்திருக்கும் பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த வடிவம்), அவளுக்குப் பின்னால் இடப்புறத்தில் கலங்கரை விளக்கம். 1895 முதல் 1936 வரையிலான பென்னிகளில் இந்தக் கலங்கரை விளக்கம் கிடையாது. 1937இல்தான் அது மீண்டும் வந்தது. காசாக இதற்கு இன்று மதிப்பு எதுவும் இல்லை. பிரிட்டன் 1971 பிப்ரவரியில் தசம நாணய முறைக்கு மாறியதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 31உடன் பழைய பென்னி செல்லாக்காசாகிவிட்டது. அந்தச் செல்லாக்காசை மாமா பணி ஓய்வு பெறும்வரை சட்டைப்பையில் சுமந்திருக்கிறார். அந்தக் குளோரைடு கடலின் உப்பிலிருந்து வந்ததா, வியர்வையிலிருந்து வந்ததா, நான் வாங்கிய பிளாஸ்டிக்கிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

பிரிட்டானியா பக்கத்தில், கலங்கரை விளக்கத்தின் அடியிலிருந்து விளிம்பை ஒட்டி, வெளிர்பச்சை மாவு திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. கைக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி, விளக்கைச் சாய்வாக வைத்து, பல் குத்தும் குச்சியின் நுனியால் மாவைத் துளித்துளியாக எடுக்கத் தொடங்கினேன். மாவு போன இடத்தில் ஒரு குழி தெரிந்தது. நோய் தின்ற குழி என்றுதான் நினைத்தேன். குழியின் கரையைச் சற்றுத் தேய்த்து மட்டமாக்கிவிடலாமா என்றுகூட எண்ணினேன். மூன்று மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது குழி. அதே இடைவெளியில் மூன்றாவது. தானாக வரும் அரிப்பு வரிசையில் நிற்பதில்லை. விளக்கை மேலும் தாழ்த்திப் பார்த்தபோது ஒவ்வொரு குழியும் கூம்பு வடிவில், அடியில் ஒரே புள்ளியில் குவிந்து, சுற்றிலும் உலோகம் மெல்லிய வரம்பாகப் பிதுங்கியிருந்தது. அரிப்பு வரம்பு கட்டாது. யாரோ ஒருவர் கூரான கருவியை வைத்துச் சுத்தியலால் தட்டியிருந்தார்.

குச்சியைக் கீழே வைத்துவிட்டு மாமாவிடம் போனேன். "மாமா, பென்னியில குழி குழியா இருக்கே" என்றேன்.

"அது குழி இல்லடா, கணக்கு" என்றார். "ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வந்து சேரும்போதும் ஒண்ணு. இறங்கறதுக்கு முந்தின நாள் ராத்திரி, கப்பல் பட்டறையில சென்டர் பஞ்ச் வெச்சு ஒரே தட்டு." சற்றுப் பொறுத்து, "பதினேழு இருக்கணும்" என்றார்.

நான் பிறந்த பிறகு அவர் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு முறையும் வாசலில் நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தக் கணக்கை அவர் யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது. நாணயவியல் அறிந்தவர்கள் இத்தகைய குறிகளைச் சேதம் என்றே தரம் பிரிப்பார்கள்; துளையிட்ட காசு, பெயர் கீறிய காசு எல்லாம் பட்டியல் விலையிலிருந்து இறங்கிவிடும். அவர்கள் கணக்கில் அது சரி. என் வேலையின் கணக்கு அந்த நொடியில் மாறிவிட்டது. காசைக் காப்பாற்றுவது என்பது அந்தப் பதினேழு குழிகளையும் அவற்றின் வரம்போடு காப்பாற்றுவது என்றாகிவிட்டது.

குளோரைடை வெளியேற்றச் சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசலைப் பயன்படுத்தினேன். பெயர்தான் கடினம், இருப்பது சலவைச் சோடாவும் சமையல் சோடாவும்தான். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 28 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் 22 கிராம் சோடியம் பைகார்பனேட்டும் கரைத்தால் ஏறக்குறைய 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். கண்ணாடிபோல் படிகமாக இருக்கும் சலவைச் சோடாவாக இருந்தால் அதற்குள் நீர் கலந்திருப்பதால் 28க்குப் பதிலாக 75 கிராம் வேண்டும். குழாய் நீரிலேயே குளோரைடு இருப்பதால் அது உதவாது. காசைக் கரைசலில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை கரைசலை மாற்றினேன். இது குறையற்ற முறை என்று சொல்ல மாட்டேன். காரக் கரைசல் களிம்பின் நிறத்தைச் சற்று மாற்றக்கூடும். நீண்ட நாள் விட்டால் நீலப்பச்சையான புதுப் படிவு உண்டாவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு வாரமும் வெளியே எடுத்து, ஒரே விளக்கின் கீழ், ஒரே கோணத்தில் படம் பிடித்து, முந்தைய வாரத்தின் படத்தோடு ஒப்பிட்டேன். பழுப்பு நிறம் ஓர் இழை வெளுத்தது. அதற்கு மேல் மாறவில்லை. அலுமினியக் காசு எதையும் தவறியும் இந்தக் கரைசலில் போட்டுவிடக் கூடாது. காரம் அதை அரித்துவிடும்.

ஆறாவது வார முடிவில் கரைசலிலிருந்து எடுத்து, மேலும் ஒரு வாரம் காய்ச்சி வடித்த நீரில் அலசி, அசிட்டோனில் தோய்த்து ஈரத்தை முழுவதும் போக்கிய பிறகு சோதனை வைத்தேன். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் நனைத்த பஞ்சை ஓரமாக வைத்து, காசை அதன்மேல் படாதபடி 48 மணி நேரம் விட்டேன். நோய் மிச்சமிருந்தால் அந்த ஈரத்தில் மீண்டும் தலைகாட்டும். கலங்கரை விளக்கத்தின் அடியில் ஊசிமுனையளவு பச்சை ஒன்று எழும்பியது. மீண்டும் இரண்டு வாரம் ஊறல், மீண்டும் அலசல், மீண்டும் ஈரப் பாத்திரம். இரண்டாவது முறை ஒன்றும் வரவில்லை. வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் உலர்த்தி, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லிய படலமாகத் துணியால் தொட்டு வைத்தேன். குழிகளுக்குள் மெழுகு தேங்காமல் இருக்க, மென்மையான தூரிகையால் ஒவ்வொன்றையும் துடைத்தெடுத்தேன்.

துடைக்கும்போது எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன், பதினாறுதான். விளிம்பை ஒட்டி வரிசை முடியும் இடத்தில் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தேன். உலோகம் மழமழவென்று இருந்தது. ஒரு குழியை நானே அழித்துவிட்டேனோ, மாவோடு சேர்த்து அதன் கரையும் போய்விட்டதோ என்ற கலக்கம் இரண்டு நாள் என்னை விடவில்லை. வாரந்தோறும் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வாரப் படத்திலும் பதினாறு இடங்களில்தான் பச்சை இருந்தது.

இதற்கிடையில் மற்ற காசுகளைச் சீட்டுகளின் தேதிப்படி அடுக்கும் வேலையை முடித்தேன். நாடுவாரியாக அடுக்குவதுதான் சேகரிப்பாளர்களின் பழக்கம். தேதிப்படி அடுக்கியபோது பெட்டி ஒரு பயணக் குறிப்பாகவே மாறியது. 1967 ஜூன் மாதம் வரை போர்ட் சையது, சூயஸ் என்று எகிப்தின் காசுகள் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு எட்டு ஆண்டுகளுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் டர்பன், கேப் டவுன் என்று தென்னாப்பிரிக்கக் காசுகள். சூயஸ் கால்வாய் போரினால் 1967 ஜூனில் மூடப்பட்டு 1975 ஜூனில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவரை கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே போயின. என் அம்மாவின் நினைவில், "தம்பி வரவே மாட்டேங்கிறானே" என்று பாட்டி புலம்பிய ஆண்டுகள் அவைதாம். நாடுவாரியாகப் பிரித்து வைத்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுக்கிய காசுகளைப் பாலியெஸ்டர் சாளரம் வைத்த அட்டைச் சட்டங்களில் இட்டேன். சட்டத்தை மூடும் ஸ்டேப்பிள் ஊசிகளின் முனையைக் குறடால் தட்டையாக அழுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த காசைக் கீறும். ரப்பர் பேண்டு மட்டும் எங்கும் வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். தகரப் பெட்டியின் உட்புறத்தைத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை ஒன்றை வைத்து மூடினேன்.

பிறகு மாமாவின் முன்னால் மேசையில் மெத்தென்ற துணியை விரித்து, சட்டத்தில் இடாமல் ஒதுக்கி வைத்திருந்த சில காசுகளை வரிசையாக வைத்தேன். முதலில் விரல் பட்டது நடுவில் துளையுள்ள பித்தளைக் காசு. "அஞ்சு யென்" என்றார் உடனே. ஜப்பானிய மொழியில் ஐந்து யென்னைக் குறிக்கும் 'கோ-என்' என்ற ஒலிக்கு உறவு, தொடர்பு என்றும் பொருள் உண்டு என்று அவருக்கு ஒரு யோகஹாமா துறைமுகத் தொழிலாளி சொல்லிக் கொடுத்தாராம். பன்னிரண்டு மூலைகளை எண்ணிப் பார்த்துப் பிரிட்டனின் 3 பென்ஸ் என்றார். பூப்போல வளைந்த விளிம்பைத் தடவி ஹாங்காங்கின் 2 டாலர் என்றார். தாலரை எடை பார்த்து, விளிம்பில் பொறித்த எழுத்துகளைச் சுற்றிவரத் தடவி, மேசையில் ஒரு தட்டுத் தட்டி அதன் ஓசையையும் கேட்டுக்கொண்டார். பிசுபிசுப்பு போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கடைசியாகப் பென்னியைக் கொடுத்தேன். பிரிட்டானியா பக்கத்தை மேலே திருப்பி, கலங்கரை விளக்கத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஆள்காட்டி விரலின் நுனியை விளிம்போடு மெல்ல நகர்த்தினார். உதடு அசைந்தது. பதினாறில் விரல் நின்றது. ஒன்று குறைகிறது, நான்தான் அழித்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் காசைத் திருப்பி, மன்னரின் தலைக்குக் கீழே, கழுத்து வெட்டின் அடியில் விரலை வைத்து, "இங்க அடைஞ்சிருக்கே" என்றார்.

அந்த இடத்தில் ஒரு குழி இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தனியாக, வரிசையில் சேராமல் இருந்ததால், அதைப் பழைய அடிபட்ட தழும்பு என்று எண்ணி, நோய் புகாமல் இருக்கட்டும் என்று நிறையவே மெழுகிட்டு மூடியிருந்தேன். "கடைசியா வந்ததுக்கு அது" என்றார் மாமா. "அப்புறம் போகப் போறதில்லையே. அதான் காசைத் திருப்பி வெச்சு அடிச்சேன்."

அவர் கையில் காசைப் பிடித்திருக்க, நான் பல் குத்தும் குச்சியால் அந்தக் குழியின் மெழுகைச் சுரண்டி எடுத்தேன். இரண்டு மூன்று முறை விரலால் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். போதும் என்று அவர் சொன்ன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அடியில் கூர்ந்த அதே கூம்பு, சுற்றிலும் அதே வரம்பு.

பென்னிக்காகவும் ஒரு சட்டம் தயாராக வைத்திருந்தேன். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாதுகாப்பு முறைகளின்படி அது சரியில்லைதான்; வியர்வையில் உப்பு இருக்கிறது, வெறும் கை பட்டால் மெழுகும் தேயும். ஆனால் சட்டத்துக்குள் இருந்தால் அந்தக் கணக்கை அவரால் படிக்க முடியாது. அதனால் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து அதை ஒரு மணி நேரம் கடன் வாங்குகிறேன். அசிட்டோனில் அலசி, கைக்கண்ணாடியில் பதினேழு குழிகளையும் பார்த்து, புதிதாக மெழுகிட்டுத் திருப்பித் தருகிறேன். இதுவரை ஐந்து மாதம், பச்சை தலைகாட்டவில்லை. சிலிக்கா ஜெல் பையை மட்டும் ஒருமுறை மாற்றியிருக்கிறேன்.